நட்டு வைத்த மண்வாரி

ஹில்கே வில்ட்ஸ் வென்றெடுத்தவை இவை. உப்புப் பூத்து யாரும் தொடாமல் கிடந்த ஒரு நிலம். பாதிக் கூரை பறந்துபோன ஒரு வீடு. அவற்றோடு சேர்ந்தே தலையில் விழுந்த, கடலணையின் ஒரு துண்டு. அணைக்கூட்டத்தில் பண்ணைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில், ஆண்களுக்கு நடுவே ஓர் இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய காப்பும் இல்லாமல் தன் சொந்தப் பெயரில் நிற்கும் உரிமை. இத்தனைக்கும் அவள் கூலிக்கு வைக்கோல் தைத்தவள். தாய் தகப்பன் இல்லாதவள். கல்யாணம் ஆகாதவள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவளுடைய அண்ணன் ரீம்ட் இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொல்வான். கடைசி விரலை மட்டும் மெதுவாகத்தான் மடக்குவான். கடல் எதையும் இனாமாகக் கொடுத்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஃபிரீஸ்லாந்துக் கரையில் ஒன்னோஸீல் ஊரில், அணைக்கு உட்பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அணையில் ஒரு பங்கு உண்டு. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை உன்னுடையது. களிமண் நீ போட வேண்டும், புல்லோடு வெட்டியெடுத்த புல்பத்தைகளை நீ பதிக்க வேண்டும், புல் பிடிக்காத இடத்தில் வைக்கோல் பரப்பி நீ தைக்க வேண்டும். 1717-இல் கிறிஸ்துமஸ் வெள்ளம் வந்து போனதிலிருந்து இந்தச் செலவுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. அந்த வெள்ளத்தில்தான் ரீம்ட்டும் ஹில்கேயும் களஞ்சிய உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். அப்பாவும் அம்மாவும் தப்பவில்லை. வடிந்த பிறகு வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. பார்லி முழங்கால் உயரம்கூட எழவில்லை. பசுவுக்குப் போட வேண்டிய வைக்கோலை ஜனங்கள் அணைக்குப் போட்டார்கள். பிறகு பசுவை விற்று, அணைக்கு மறுபடியும் வைக்கோல் வாங்கினார்கள். கஞ்சியில் பன்றிக்கொழுப்பு மிதப்பது ஞாயிற்றுக்கிழமை விஷயமாகிவிட்டது.

இனி முடியாது என்றால் ஒரு வழி இருந்தது. தன் மண்வாரியைத் தன் பங்கில் நட்டுவிட்டு ஒருவன் போய்விடலாம். நட்ட கணத்தோடு நிலமும் வீடும் அவனை விட்டுப் போயின, கடமையும் போயிற்று. அந்த மண்வாரியைச் சாட்சிகள் முன்னால் யார் பிடுங்குகிறாரோ, எல்லாம் அவருடையது. அதனால் அந்தக் கரையில் யாரும் மண்வாரியை அணையில் செங்குத்தாக நிறுத்த மாட்டார்கள். ஒரு வாய் மோர் குடிக்க நின்றால்கூடப் புல்மேல் படுக்க வைத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். பழக்கத்தில் ஊறிப்போன விஷயம். குழந்தைகளுக்குக்கூடச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1723-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எக்கோ ஹார்ம்ஸ் நட்டுவிட்டுப் போனான். மனைவி துவைத்துப் போட்ட துணிகள் கொடியில் விறைத்துத் தொங்கின. அவற்றை எடுத்துப் போகக்கூட அவர்கள் நிற்கவில்லை. எக்கோ கடன்காரனும் அல்ல, சோம்பேறியும் அல்ல. எதைக் கண்டு ஓடினான் என்று யாருக்கும் தெரியவில்லை. அணைமேல் நடக்கிறவர்கள் அந்த மண்வாரி நின்ற இடத்தில் மட்டும் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வசந்தகாலப் பார்வையிடலுக்கு அணை அதிகாரி ஃபோல்கெர்ட் யான்சன் குதிரையில் வந்தார். பின்னால் சாட்சிகள், பண்ணைக்காரர்கள். மதகுக் காவலனிடம் வேலை பார்த்த ரீம்ட்டும் கூட்டத்தோடு நின்றான்.

"எக்கோ ஹார்ம்ஸ் நட்ட மண்வாரி," என்றார் அதிகாரி. "எடுக்கிறவங்க யாராச்சும் உண்டா?"

யாரும் அசையவில்லை. எக்கோவின் நிலத்துக்கு இரண்டு பக்கமும் போப்பே உபெனின் வயல்தான் இருந்தது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா பாக்குறீங்க?" என்றார் போப்பே. "எக்கோ பயந்து ஓடுன எடம் அது. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுறதுக்கு வீட்டுக்காரியே போதும்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஹில்கே வந்தாள். அடுத்த பங்கில் கூலிக்குத் தைக்க முதுகில் வைக்கோல் கட்டு சுமந்து போய்க்கொண்டிருந்தவள். கட்டை இறக்கி வைத்தாள். காம்பை இரண்டு கைகளாலும் பற்றி, காலை ஊன்றி இழுத்தாள். ஈர மண் உறிஞ்சும் சத்தத்தோடு மண்வாரி வெளியே வந்தது.

"ஏய்! என்ன பண்ற நீ?" ரீம்ட் கத்திவிட்டான்.

"எடுக்கிறவங்க உண்டான்னு கேட்டாரு. எடுத்தேன்."

"வைக்கோல் தைக்கிற பொண்ணு இனிமே கடலையே தைச்சுப் போட்ருவா போல!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"பொம்பள எடுக்கலாமா ஐயா?" என்றார் ஒரு சாட்சி.

"எடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல," என்றார் அதிகாரி. "ஆனா ஆம்பள ஒருத்தர் காப்பு நிக்கணும். பங்கு உடைஞ்சா அவரும் சேர்ந்து பதில் சொல்லணும்." அவர் ரீம்ட்டைப் பார்த்தார்.

ரீம்ட்டுக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். தங்கை அவன் பக்கம் திரும்பவே இல்லை. மண்வாரியின் அலகில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய் அணைப் புத்தகத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, அப்பா ஆடுகளுக்குச் சூடு போட்ட கவட்டைக் குறியை வரைந்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் கேட்டான். "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஆறு வருஷமா அடுத்தவங்க பங்குல தைக்கிறேன் அண்ணே. அவங்க காசு மிச்சம் பிடிக்க, பாதி வைக்கோல் போதும்பாங்க. போட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்தா காது முழுக்கக் கடல்தான். என் பங்குன்னா முழுசாப் போடுவேன்ல?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்றான் ரீம்ட். ஆனால் அன்று இரவு மனைவி கேஷேயிடம் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொன்னான்.

எக்கோ எதைக் கண்டு ஓடினான் என்பது மே மாதம் தெரிந்தது. பௌர்ணமிக் கடலேற்றத்தின்போது, அணைக்கு உள்ளே, முட்டைக்கோஸ் பாத்தியில் தண்ணீர் ஊறியது. மழை பெய்திருக்கவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர், நாற்றமும் இருந்தது. ஹில்கே விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். ரீம்ட்டும் குனிந்து ருசித்தான். உப்பு. கடல் இறங்கி வற்றம் வந்ததும் ஊறல் நின்றது. அமாவாசைக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை இரண்டு பாத்தி தள்ளி, வீட்டுக்கு அருகே.

அவள் கடல் பக்கச் சரிவில் புல்பத்தையைப் பெயர்த்துத் தோண்டினாள். மேலே ஒரு முழம்தான் களிமண். அதற்குக் கீழே மக்கிய வைக்கோல், சாணி, கரி. இன்னும் உள்ளே ஒரு வண்டிச் சக்கரம், மாட்டு விலா எலும்புகள், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்த ஒரு கதவு. வெள்ளத்தில் உடைந்த இடத்தை, வெள்ளம் விட்டுப்போன குப்பையைக் கொண்டே யாரோ அவசரமாக அடைத்திருந்தார்கள். மேலே புல் செழிப்பாக வளர்ந்திருந்தது. அதிகாரி குதிரைமேலிருந்து பார்த்துப் பார்த்து, பச்சையாக இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"மூடிரு," என்றான் ரீம்ட். "நீ போட்ட குப்பை இல்ல இது. மூடிட்டு வாயையும் மூடிக்க."

"மூடிட்டு?"

"மூடிட்டு... எல்லாரும் இருக்கிற மாதிரி இருக்க வேண்டியதுதான்."

"எக்கோ அப்படித்தான் இருந்து பாத்தான்," என்றாள் அவள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். எடுத்த பள்ளத்தை நல்ல களிமண்ணால் நிரப்ப வேண்டும். பக்கத்தில் களிமண் குழி இருந்தது போப்பே உபெனின் நிலத்தில். நல்ல வண்டியும் குதிரைகளும் இருந்ததும் அவரிடம்தான். போப்பே மறுக்கவில்லை. அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்ததும், உழுது முடிக்கட்டும் என்றார். பிறகு ஒரு குதிரைக்கு நொண்டல். பிறகு வண்டி அச்சில் கோளாறு. போகும்போதெல்லாம் ஒரு குவளை பீர் கொடுத்து, "பொறுமை வேணும் பொண்ணு" என்று அனுப்புவார்.

ஒரு நாள் மதகடிச் சாவடியில் போப்பே தன் மைத்துனனிடம் பேசியது ரீம்ட்டின் காதில் விழுந்தது. "அவளே தோண்டி எடுத்துட்டா. அவளே ரொப்பட்டும். வேலை முடிஞ்சதும் ஓய்ஞ்சுபோய் நட்டுட்டுப் போவா. அப்ப அது எடுக்கத் தகுந்த மண்வாரி." ரீம்ட் சுவர் ஓரமாகவே நின்றுவிட்டு வெளியே வந்தான். தங்கையிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு, தள்ளுவண்டியின் கைப்பிடிகளில் துணி சுற்றினாள். அன்றிலிருந்து களிமண்ணைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். கூலிக்கு ஆள் பிடிக்க இறகு மெத்தையை விற்றாள். வீட்டுக் கூரைக்கு வாங்கிய நாணல் கட்டுகளை விற்றாள். வானம் தெரியும் அறையில் படுத்துக்கொண்டாள். காலையில் ரீம்ட் போய்ப் பார்த்தால் போர்வைமேல் பனி வெள்ளையாக இருக்கும். உள்ளே ஆள் இருக்காது.

நவம்பர் பிறந்தபோது பள்ளம் நிரம்பிவிட்டது. ஆனால் களிமண் இன்னும் இறுகாமல் ஈரமாக இருந்தது. மேலே புல்பத்தை பதிக்கவில்லை. கடல் பக்கம் பார்த்தால் பச்சைச் சரிவின் நடுவே அந்த இடம் மட்டும் உரித்த தோல்போலத் தெரிந்தது.

ஒரு நாள் வாத்துகள் உள்நாட்டுப் பக்கம் பறந்தன. அன்று காலை வற்றத்தில் தண்ணீர் வற்றவே இல்லை. வந்த இடத்திலேயே நின்று, அங்கிருந்தே மறுபடி ஏறியது. காற்று வடமேற்குக்குத் திரும்பியபோது மாதாகோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. ரீம்ட் மதகுக் கதவுகளை மூடி, குறுக்குக்கட்டை போட்டு, மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அணைமேல் ஓடினான்.

ஹில்கே படகுப் பாய் ஒன்றை ஈரக் களிமண்மேல் விரித்துக்கொண்டிருந்தாள். அடி விளிம்பில் கற்கள் கட்டியிருந்தன. மேல் விளிம்பை முளைகள் பிடித்திருந்தன. அலை வந்து அறையும்போதெல்லாம் பாய் நெஞ்சு விம்முவதுபோல எழுந்து படிந்தது. அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் களிமண் கரைந்து போவது தெரிந்தது. ரீம்ட் போய் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் வைக்கோலைத் திணித்தார்கள், முளை அடித்தார்கள். பேச்சு காதில் விழாது. கையைக் காட்டித்தான் சொன்னார்கள்.

காற்றுப்பக்க மூலையில் முளை ஒடிந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. இன்னொரு முளை இல்லை. ரீம்ட் திரும்பிப் பார்ப்பதற்குள் ஹில்கே புல்மேல் படுத்திருந்த மண்வாரியை எடுத்து, அணையின் முதுகில் கழுத்து வரை மிதித்து இறக்கி, கயிற்றை அதன் காம்பில் சுற்றி முடிந்துவிட்டாள். பாய் அடங்கியது.

ரீம்ட் அந்தக் காம்பைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. மண்வாரி அணையில் செங்குத்தாக நின்றது. பிறகு அடுத்த அலை வந்தது. இரண்டு பேரும் குனிந்தார்கள்.

ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் ஃபோல்கெர்ட் யான்சன் வந்து சேர்ந்தார். குதிரையை உள்பக்கம் விட்டுவிட்டு, சாட்சிகளோடு குனிந்து நடந்து வந்தார். பின்னால் போப்பே உபெனும் அவருடைய ஆட்களும், வைக்கோல் கட்டுகளோடு. பலவீனமான இடத்துக்கு எல்லாரும் வர வேண்டும் என்பது விதி. போப்பேயின் கண் நேராக அந்தக் காம்பின்மேல் விழுந்தது.

"ஐயா, பாத்தீங்களா? மண்வாரி நிக்குது."

"பாத்தேன்," என்றார் அதிகாரி.

"யாரு நட்டது?"

"நான்தான்," என்றாள் ஹில்கே, மண்டியிட்டபடியே.

"கேட்டீங்கல்ல? அவ வாயாலயே சொல்லிட்டா."

"யோவ், பாய் கட்டறதுக்குக் குத்துனதுய்யா!" ரீம்ட் எழுந்து முன்னால் வந்தான். "உன் வீடும் சேர்த்துத்தான்யா அது காப்பாத்திக்கிட்டு இருக்கு!"

ஃபோல்கெர்ட் யான்சன் தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டார். "எதுக்கு நட்டேன்னு சட்டம் கேக்காது ரீம்ட். கேட்டா, நட்டவன் ஒவ்வொருத்தனும் ஒரு காரணம் வெச்சிருப்பான். நிக்குது. அவ்வளவுதான்."

போப்பே முன்னால் வந்து இரண்டு கைகளாலும் காம்பைப் பற்றினார்.

ஹில்கே எழுந்தாள். தலையிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்தது. "பிடுங்குங்க," என்றாள். "பிடுங்குன நிமிஷத்துலேர்ந்து நிலம் உங்களுது. இந்தப் பாயும் உங்களுது. பாய்க்கு அடியில என்ன இருக்கோ அதுவும் உங்களுது. பிடுங்குங்க போப்பே ஐயா, நாங்க தள்ளி நிக்கிறோம்."

அவள் உண்மையிலேயே இரண்டடி பின்னால் போனாள். அந்த நேரம் ஓர் அலை அணையின் முதுகுக்கு மேலே நுரையை வீசியது. கயிறு விறைத்தது. காம்பு போப்பேயின் கைக்குள் நடுங்குவதை ரீம்ட் பார்த்தான். மறுமுனையில் கடல் இழுத்துக்கொண்டிருந்தது. போப்பே ஒரு முறை திரும்பி, உள்ளே தாழ்வில் தெரிந்த தன் வீட்டையும் தொழுவத்தையும் பார்த்தார். கைகளை எடுத்துவிட்டார்.

"தண்ணி வத்தட்டும்," என்றார். "வத்துனதும் எடுத்துக்கறேன்."

"அப்படி ஒண்ணு கிடையாது," என்றார் அதிகாரி. "சாட்சி முன்னால கை வெச்சீங்க, பிடுங்காமக் கையை எடுத்துட்டீங்க. வேணாம்னு சொன்னதுக்கு அது சமம், இனி நீங்க எடுக்க முடியாது."

போப்பே தன் ஆட்களிடமிருந்து ஒரு வைக்கோல் கட்டை வாங்கி, எல்லாரையும்போல மண்டியிட்டுத் திணிக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும் முன்பே தண்ணீர் மெல்ல இறங்கியது. கயிறு தொய்ந்தது. பாய்க்கு அடியில் பாதிக் களிமண் போயிருந்தது, பாதி இருந்தது. மண்வாரி நின்றுகொண்டிருந்தது, யாருடையதும் அல்லாமல். சுற்றி நின்றவர்கள் யாரும் அதன் பக்கம் பார்க்கவில்லை.

ரீம்ட் தங்கையைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். இது தெய்வம் காட்டிய வழி என்று அவனுக்குத் தோன்றியது. "விட்டுரு," என்றான். "நீ நட்டாச்சு. இனி உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல வந்து படு. கேஷே கஞ்சி வெச்சிருப்பா. எக்கோ மாதிரி யாரும் உன்னைப் பேச மாட்டாங்க, நீ ஓடல."

"இந்தக் களிமண்ணு குளிர்காலம் முழுக்க நிக்குமா அண்ணே?"

"தெரியல."

"எனக்கும் தெரியல," என்றாள் ஹில்கே. "அதிகாரிக்கும் தெரியல. வேற யாரு இத எடுப்பா? யாரும் எடுக்கலேன்னா யாரும் அடைக்க மாட்டாங்க. நாம எல்லாரும் அதுக்குக் கீழ படுத்துத் தூங்கணும். உங்க கொழந்தைங்களும்."

அவள் திரும்பிப் போய், காம்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். அதிகாரியும் சாட்சிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல்கள் மடங்காத அந்த இடது கையைக் கீழே கொடுத்து, மண்வாரியைப் பிடுங்கினாள்.

மார்ட்டின் திருநாளன்று இலையுதிர்காலப் பார்வையிடல். அதிகாரி வீட்டுக் கூடத்தில் அணைப் புத்தகம் திறந்திருந்தது. ரீம்ட் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மேசையருகே போய், கவட்டைக் குறி போட இறகுப் பேனாவை எடுத்தான்.

"அண்ணே, வேணாம்," என்றாள் ஹில்கே.

"நீ நட்டதோட இவரு காப்பு முடிஞ்சுது," என்றார் ஃபோல்கெர்ட் யான்சன். "புதுசா எடுத்தவளுக்குப் புதுசாக் காப்பு வேணும்."

"எடுத்தது நான். உடைஞ்சா நான் பதில் சொல்றேன். இவருக்குக் கொழந்தைங்க இருக்கு."

"காப்பு இல்லாம நிக்கணும்னா உன் பேரை நீயே எழுதணும், அதுக்குச் சட்டத்துல இடம் உண்டு. குறி செல்லாது. எழுதத் தெரியுமா?"

"பாதிரியார் வீட்டம்மா காட்டிக் கொடுத்தாங்க. சேத்துல எழுதிப் பாத்திருக்கேன். காகிதத்துல எழுதினதில்ல."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. போப்பே உபென் பெஞ்சில் உட்கார்ந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் தட்டிகள் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தன. காற்று மறுபடியும் வடமேற்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ரீம்ட் பேனாவைத் தங்கையின் கையில் கொடுத்தான். கொடுத்த பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அவள் தாங்குவாளா, அணை நிற்குமா, வரும் குளிர்காலத்தில் எத்தனை முறை தான் இப்படி மதகைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய முதல் எழுத்து சாய்ந்து விழுந்தது. இரண்டாவதைத் தாங்கிப் பிடித்து எழுதினாள். மை சொட்டாமல், ஓர் எழுத்து விடாமல், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மேசைமேல் படுக்க வைத்தாள்.

ஹில்கே வில்ட்ஸ் முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டது 1723-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் நாள்.